கெண்டைக்காலில் எழுதிய வயது

46 வயதில் மூச்சு விடக் கற்றுக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்கள்.

டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்தபோது என் கவலையெல்லாம் ஓட்டத்தைப் பற்றித்தான் இருந்தது. நான் சேர்ந்தது ஸ்பிரிண்ட் வகை: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் அடுத்தடுத்து, நடுவில் கடிகாரம் நிற்காது. 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்கு மேல் ஒரு முழு மாரத்தானும் ஓடுகிற அயர்ன்மேன்காரர்களுக்கு இதெல்லாம் காலை நடை. இந்த விளையாட்டே 1974 செப்டம்பரில் சான் டியேகோவில், மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி அலுத்துப்போனவர்கள் ஒரு மாறுதலுக்கு நடத்திப் பார்த்ததுதான். அன்றைக்கு 46 பேர் வந்தார்களாம். என் வயதும் 46. இதையெல்லாம் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளும் நிலைமையில் இருந்தேன்.

நீச்சல் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தலையை வெளியே நீட்டிக்கொண்டு சின்ன வயதில் அடித்த நீச்சல் அது. 25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்றால் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக 30 தடவை. முதல் நாள் இரண்டாவது தடவையிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பக்கத்து லேனில் ஒரு பத்து வயதுப் பொடியன் சாவகாசமாகப் போய் வந்துகொண்டிருந்தான்.

தெம்பு போதவில்லை போல என்று இன்னும் வேகமாகக் கையை வீசினேன், இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கியது. கோச் இரண்டு நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் "நீங்க தண்ணிக்குள்ள மூச்சை வெளிய விடவே இல்லையே" என்றார். உண்மைதான். முகம் தண்ணீருக்குள் போனதும் மூச்சை அடக்கிக்கொள்வேன், தலையைத் திருப்புகிற அந்த அரை நொடியில் பழைய காற்றை விட்டுப் புதுக்காற்றையும் இழுக்கப் பார்ப்பேன், இரண்டும் உருப்படியாக நடக்காது. அந்தத் தவிப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, வெளியே போகாமல் தேங்குகிற கார்பன் டை ஆக்சைடுதான் மூளையில் மணி அடிக்கிறது. அப்புறம் ஒரு வாரம் என்னை நீந்தவே விடவில்லை. குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தை முக்கி, 'ம்ம்ம்ம்' என்று முனக வேண்டும், மூக்கிலிருந்து குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆபீசில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிற ஆள் காலை ஆறு மணிக்கு எருமை மாதிரி தண்ணீருக்குள் முனகிக்கொண்டு நின்றேன்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள், ஏதோ வேலை ஞாபகத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டு, சுவரைத் தொட்டுத் திரும்பியபோதுதான் ரொம்ப நேரமாக நான் நிற்கவே இல்லை என்பது உறைத்தது. உறைத்ததும் தண்ணீர் குடித்துவிட்டேன், அது வேறு.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ளே வேறெதுவும் போடக் கூடாது என்பதை யாரும் சொல்லாமல் 30 கிலோமீட்டர் போய்த் தெரிந்துகொண்டேன், விவரம் வேண்டாம்.

ஓட்டம்தான் சுலபம் என்று அதற்குள் முடிவுக்கு வந்திருந்தேன், அங்கேதான் மாட்டினேன். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே வழிக்கு வந்துவிடுகின்றன, தசைநாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும், வயது ஏற ஏற அந்த இடைவெளியும் கூடிக்கொண்டே போகும். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. மூச்சு இடம் கொடுக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை 5 கிலோமீட்டர் ஓட வேண்டிய இடத்தில் 9 ஓடினேன். கடைசிக் கிலோமீட்டரில் இடது கெண்டைக்காலில் யாரோ கல் விட்டெறிந்த மாதிரி ஒரு சுளீர். திட்டுவதற்காகத் திரும்பியே பார்த்தேன். யாரும் இல்லை.

மூன்று வாரம் ஓட்டம் கிடையாது. பிசியோதெரபிஸ்ட் சொன்னது ஒன்றே ஒன்று: படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்ற வேண்டும், 15 தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மாத்திரை மாதிரி. அதற்கப்புறம் அட்டவணையையே மாற்றினேன், இரண்டு வாரம் கூட்டினால் மூன்றாவது வாரம் குறைக்க வேண்டும், மனம் எவ்வளவு துள்ளினாலும் சரி. ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும் என்பார்கள், தனியாக ஓடுகிறவர் யாரிடம் பேசுவது? வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் திக்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். (பதின்மூன்றாம் வாய்ப்பாடு உட்கார்ந்து சொன்னாலும் எனக்குத் திக்கும்.)

இந்தச் சமயத்தில் ஒரு நண்பர் உற்சாகப்படுத்துவதாக நினைத்து மடோனா பூடர் பற்றி அனுப்பினார். 52 வயதில் முதல் டிரையத்லான் செய்த கன்னியாஸ்திரி, 2012ல் 82 வயதில் அயர்ன்மேனை முடித்தவர். காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது.

சைக்கிளிலிருந்து இறங்கின கையோடு ஓடிப் பழகுவதற்கு பிரிக் என்று பெயர். செய்து பார்த்தால் காலில் செங்கல் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரிதான் இருக்கும். நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதித்த கால் அந்தத் தாளத்தை விடாது. ஊர்ந்து போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், வாட்ச்சைப் பார்த்தால் வழக்கத்தைவிட வேகமாகப் போயிருப்போம், அந்தக் கடன் மூன்றாவது கிலோமீட்டரில் வட்டியோடு வசூலாகும். உடை, ஷூ மாற்றுகிற டிரான்சிஷனுக்கும் ஒத்திகை வேண்டும். ஹெல்மெட் வாரை மாட்டாமல் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தால் தண்டனை உண்டு. வீட்டு வாசலில் ஈரக்காலோடு ஷூ மாட்டிப் பழகினேன், மகள் நேரம் பார்த்தாள். "நாலு நிமிஷம்மா. நீ பேசாம நடந்தே போயிடலாம்."

போட்டியன்று காலையில் ஒரு பெண் மார்க்கர் பேனாவோடு வந்து கையில் எண்ணையும் கெண்டைக்காலில் வயதையும் எழுதினாள். இடது கால். அதே இடம்.

ஏரித் தண்ணீரில் அடியில் கோடு கிடையாது, பிடித்துக்கொள்ள சுவர் கிடையாது, ஏழெட்டுக் கைவீச்சுக்கு ஒரு தடவை முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கி மிதவை எங்கே என்று பார்க்க வேண்டும். முதல் நூறு மீட்டருக்குள் யாரோ ஒருவர் குதிகாலால் என் கண்ணாடியில் உதைத்தார், குளத்தில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த தவிப்பு மொத்தமும் திரும்பி வந்தது. மல்லாந்து படுத்தேன். வானத்தைப் பார்த்துக்கொண்டு பத்து மூச்சு. அப்புறம் திரும்பி முகத்தை முக்கி, ம்ம்ம்ம்.

கடைசியில் இருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும் இடத்தில்தான் கரையேறினேன். ஹெல்மெட்டை மறக்கவில்லை. சைக்கிளில் எதிர்காற்று, அதைத் தவிர விசேஷம் இல்லை. ஓட்டத்தில் நாலாவது கிலோமீட்டரில் ஓர் அம்மாள் என்னை வெகு சாதாரணமாகத் தாண்டிப் போனார். கெண்டைக்காலில் 63 என்று எழுதியிருந்தது. துரத்தலாமா என்று தோன்றியது, மூச்சு இடம் கொடுத்தது. இடது கால் லேசாக இழுத்தது. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.