கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு குட்டை

கம்போடியாவில் பந்தியாய் ஸ்ரெய் கோயிலைப் பார்க்கத்தான் சியெம் ரீப் நகரிலிருந்து டுக்-டுக்கில் கிளம்பினேன். மார்ச் மாதம். பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் ப்ரேஅ டாக் ஊரில் ரோட்டோரமாகக் கொப்பரையில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஓலையில் சுற்றிய வெல்லம் வாங்கினேன். நம்ம கருப்பட்டியைவிட மெத்தென்று இருந்தது.

"போங், அங்கே பாருங்கள்" என்றார் ஓட்டுநர். (கெமர் மொழியில் 'போங்' என்றால் அண்ணன். முதல் நாள், இவர் ஏன் என்னை விரட்டுகிறார் என்று குழம்பியிருந்தேன்!)

வீடுகளுக்குப் பின்னால் ஒரு குட்டை. 'த்ரபேங்' என்கிறார்கள், பழைய கெமர் ராஜாக்களின் அங்கோர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கிற சொல். வரும்போது பார்த்த ஸ்ரா ஸ்ராங், ராஜாக்களின் குளம். சிங்கமும் நாகமும் காவல் நிற்கும் படித்துறை உண்டு. இதற்கு ஒரு படிகூட இல்லை. வாய்க்காலும் கிடையாது. மே முதல் அக்டோபர் வரை பெய்கிற மழைதான் வரத்து. ஓட்டுநரின் போனில் அக்டோபர் படம் ஒன்று இருந்தது: கரை தளும்பத் தண்ணீர், அல்லிப்பூ, குதிக்கத் தயாராகப் பிள்ளைகள். இப்போதோ நடுவில் மட்டும் டீ நிறத்தில் முழங்காலளவு தண்ணீர், அதில் இரண்டு எருமை. மற்ற இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்த சேறு.

ஒரு பையன் மீனுக்கு ஊத்தா (அடி திறந்த கூடை) போட்டுக்கொண்டிருந்தான். அச்சு அசல் நம்மூர் ஊத்தாவேதான்: சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவுவது. அவன் அம்மா ஓரத்தில் ஈரம் பார்த்து மண்வெட்டியால் கொத்தினார். கட்டி பிளந்ததும் உள்ளே விரல் நீளத்தில் ஒன்று துடித்தது. பனையேறிக் கெண்டை! காற்றையே சுவாசிக்கும் என்பதால் ஈரச் சேற்றுக்குள் மழை வரும்வரை தாக்குப்பிடிக்கிற மீன். ஆசையாகக் கையில் வாங்கினேன். செவுள் மூடியில் முள் இருப்பது ஞாபகமே இல்லை. சுருக்கென்று குத்தியது. அம்மாவும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விரலைச் சப்பிக்கொண்டே நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

அப்புறம் கோயிலுக்கும் போனேன். 967-இல் குடமுழுக்கு நடந்த சிவன் கோயில். இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரவேலை மாதிரி நுணுக்கம். அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உள்ளே போகுமுன் அகழியில் தண்ணீர் வற்றியிருந்த ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றேன், சேற்றில் எங்கே ஈரம் மிச்சமிருக்கிறது என்று தேடிக்கொண்டு.