டிசைன்தான் இருக்கே, கோடிங் எதுக்கு?

நாச்சியார்கோயில் குத்துவிளக்குக் கடைக்காரர் ஒருவர் கேட்டார்: "போட்டோஷாப் டிசைன் பிரமாதமா இருக்கு தம்பி, அதையே வெப்சைட்டுல ஏத்திவிட வேண்டியதுதானே?"

நியாயமான கேள்விதான். ஆனால் படமாக ஏற்றினால் அதிலுள்ள எழுத்து வெறும் புள்ளிகள். 'ஐந்து முக விளக்கு' என்று கூகுளில் தேடுபவர் கண்ணில் படுவது கஷ்டம். பார்வையற்றவரின் போன் அதைச் சரியாக வாசித்துக் காட்டும் என்று நம்ப முடியாது. பித்தளை விலை ஏறும்போதெல்லாம் டிசைனரைத் தேடி ஓட வேண்டும். அதையே எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் (வலைப்பக்கம் எழுதும் கணினி மொழிகள்) ஆக்கிவிட்டால் விலையை ஒரு வரியில் திருத்தலாம். 1200 பிக்சல் அகலத்துக்கு வரைந்த பக்கம் 360 பிக்சல் போனிலும் அழகாக அடங்கும். (தானாக அடங்காது, அதற்கும் நாம்தான் எழுத வேண்டும்!)

அப்புறம் நம்ம பக்கத்துப் பிரச்சினை ஒன்று. கும்பகோணம், தஞ்சாவூர் என்று எங்கே டிசைன் செய்து வாங்கினாலும், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டியது நிறைய வரும். அதை அப்படியே ஒட்டினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள்தான் கன்னாபின்னாவென்று தெரியும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி, ஒற்று, கொம்பு எல்லாம் சரிபார்த்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் கோடிங்கைவிட இதுதான் பெரிய வேலை.

விளக்குகள் மட்டும் படமாகவே இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும், போன் வாசித்துக் காட்ட ஒரு விவரக்குறிப்பு எழுதிக் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.