ஐ.பி. கொடுப்பதற்கு முன்

கடன் தலைக்கு மேல் போன பிறகு "பேசாமல் ஐ.பி. கொடுத்துவிடலாமா?" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர், ஐ.பி. என்ற அந்த நொடிப்பு மனுவை (கடனைத் தீர்க்க இயலவில்லை என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் மனு) ஒரு கடிதமாகவே நினைத்திருக்கிறார்கள். வழக்கறிஞர் ஒரு மஞ்சள் கடுதாசி அனுப்புவார், அன்றோடு கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வருவது நின்றுவிடும் என்பது அவர்களுடைய எண்ணம். கணக்கெழுதும் தொழிலில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் வருகிறது. நான் வழக்கறிஞர் அல்லன். மனுவை எழுதித் தாக்கல் செய்வது அவர்கள் வேலை. ஆனால் அவர்களிடம் போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய சில செய்திகள் உண்டு.

தமிழ்நாட்டில் தனிமனிதரின் நொடிப்பை இன்றும் ஆள்பவை வெள்ளைக்காரர் காலத்துச் சட்டங்கள்தாம். சென்னை நகரத்தில் வசிப்பவருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமும் உயர் நீதிமன்றமும். மற்ற மாவட்டத்தாருக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் பெரும்பாலும் சார்பு நீதிமன்றமும். 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிமனிதர்களுக்கென்று ஒரு பகுதி இருந்தாலும், நிறுவனங்களின் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டுமே அது 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கிரெடிட் கார்டுக்கும் தனிநபர் கடனுக்கும் வட்டி கட்ட முடியாமல் தவிப்பவர் பழைய சட்டத்தின் வாசலைத்தான் தட்ட வேண்டும். இனி நான் சொல்வது 1920ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து.

கடனைத் தீர்க்க இயலாத நிலையில் இருப்பவருடைய கடன் 500 ரூபாயைத் தொட்டாலே மனு போடலாம் என்கிறது அந்தச் சட்டம். நூறு ஆண்டுகளாக மாறாத அந்தத் தொகைக்கு இன்று ஒரு வார மளிகை கூட வராது. நுழைவது எளிது என்பதால் உள்ளே இருப்பதும் எளிதாகிவிடாது. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், கையில் என்னென்ன சொத்து இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் மனுவில் எழுதித் தர வேண்டும். பிறகு கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்பு போகும். அவர்கள் வந்து எதிர்க்கலாம். விசாரணை முடிந்து, இவர் நொடித்தவர்தான் என்று நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே, நீதிமன்ற அனுமதியில்லாமல் எவரும் அந்தக் கடனுக்காக வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு கிடைக்கிறது. அதுவரை, மனு போட்டுவிட்ட ஒரே காரணத்தால் எல்லாம் தானாக நின்றுவிடுவதில்லை. இடைக்காலப் பாதுகாப்பைத் தனியே கேட்டுத்தான் பெற வேண்டும்.

சிறைக்குப் பயந்தே மனு போடுபவர்களும் உண்டு. பணமில்லாத ஒரே காரணத்துக்காக, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத கடனாளியைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே, கொச்சி வங்கி தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் காசோலை திரும்பியதற்கான வழக்கு வேறு வகை. அது குற்றவியல் வழக்கு; ஐ.பி. அதைத் தடுக்காது. கடனுக்கு ஈடாகத் தொகை எழுதாத காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

நொடித்தவர் என்ற உத்தரவு வந்ததும் அவருடைய சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் வசம், நடைமுறையில் அது நியமிக்கும் ரிசீவர் என்ற சொத்துப் பொறுப்பாளரின் வசம் போய்விடுகிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், வருங்கால வைப்பு நிதி, மனைவியின் தாலி போன்று உரிமையியல் சட்டம் ஜப்தியிலிருந்து விலக்கி வைத்தவை மட்டும் தப்பும். உத்தரவுக்குப் பிறகு, விடுவிப்பு (கடனிலிருந்து விடுதலை தரும் இரண்டாவது உத்தரவு) கிடைப்பதற்குள் தகப்பனார் சொத்தில் பங்கு வந்தால் அதுவும் ரிசீவருக்கே. இன்னொரு பக்கம், வீட்டை அடமானமாக வாங்கிய வங்கிக்கோ நகையை ஈடாக வைத்திருப்பவருக்கோ இந்த உத்தரவால் எந்தத் தடையும் இல்லை; அவர்கள் ஈட்டுப் பொருளை விற்று எடுத்துக்கொள்ளலாம். ஜாமீன் கையெழுத்துப் போட்ட நண்பரின் பொறுப்பும் அப்படியே இருக்கும். மனு போட்டவர் விடுவிக்கப்பட்டாலும் ஜாமீன்தாரர் விடுவிக்கப்படுவதில்லை என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. மனு போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஐ.பி. என்றதும் ஊரில் இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனை, வீட்டை மனைவி பெயருக்கு எழுதி வைத்துவிட்டுக் கொடு என்பது. சட்டம் எழுதியவர்கள் அதை 1920க்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் உண்மையான விலை பெறாமல் செய்த தானப் பத்திரம், செட்டில்மென்ட் முதலியவற்றை ரிசீவர் கேட்டு நீதிமன்றம் ரத்து செய்யலாம். அதற்கு முந்தைய பத்திரங்கள் கூட, கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவே எழுதப்பட்டவை என்று காட்ட முடிந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழ் கேள்விக்குள்ளாகும். மனுவுக்கு முந்தைய 3 மாதங்களில் மற்றவர்களைப் பட்டினி போட்டு மச்சானுக்கு மட்டும் கடனைத் தீர்த்திருந்தால், அவருக்குச் சலுகை காட்டும் நோக்கத்தோடு அதைச் செய்திருக்கும்பட்சத்தில், அதுவும் செல்லாது. சொத்தையோ கணக்குப் புத்தகத்தையோ மறைப்பது ஓராண்டு வரை சிறைத் தண்டனை பெறத்தக்க குற்றம்.

இத்தனையும் கடந்து வந்தவர்கள் பலர் தவறவிடுவது விடுவிப்பைத்தான். நொடித்தவர் என்று அறிவிக்கும்போதே, எத்தனை காலத்துக்குள் விடுவிப்பு கேட்டு மனு போட வேண்டும் என்றும் நீதிமன்றம் குறிக்கிறது. கடனிலிருந்து ஒருவரை உண்மையாக விடுதலை செய்வது இந்த இரண்டாவது உத்தரவுதான். குறித்த காலத்துக்குள் கேட்காவிட்டால் முதல் உத்தரவே ரத்தாகிவிடும். இடையில் கழிந்த காலத்தால் கடன் காலாவதியாகியிருக்கும் என்று நம்புவதும் வீண்; அந்த இடைக்காலம் முழுவதையும் காலவரையறைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பழைய பத்திரம் புதிய பலத்தோடு திரும்பி வரும்.

கேட்டவர்களுக்கெல்லாம் முழு விடுவிப்பு கிடைத்துவிடுவதும் இல்லை. ஈடில்லாத கடன்களில் பாதிக்குக் கூடச் சொத்து தேறாமல், அதற்குத் தாம் காரணமல்ல என்று காட்டவும் முடியாதவர், தொழில் செய்துகொண்டே கணக்கு வைக்காதவர், திருப்பித் தரும் வழி தெரியாமலே கடன் வாங்கியவர், சூதாட்டத்திலோ ஊதாரித்தனத்திலோ கடனாளியானவர் ஆகியோருக்கு முழு விடுவிப்பை நீதிமன்றம் மறுத்தே ஆக வேண்டும்; நிபந்தனையோடு தருவதும் தள்ளிவைப்பதும் அதன் விருப்பம். கணக்கெழுதுபவன் என்பதால் சொல்கிறேன்: மருத்துவச் செலவு ரசீதுகளும் வேலை போன கடிதமும் வங்கிப் புத்தகமும் இந்தக் கட்டத்தில்தான் பேசும். விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியும், மோசடியால் ஏற்பட்ட கடனும், நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சமும் நீங்குவதில்லை.

விடுவிப்புக்கு முன் உள்ள காலம் சங்கடமானது. தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் 6 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினராகவோ நிறுவன இயக்குநராகவோ இருக்க முடியாது.

மாதச் சம்பளம் தொடர்ந்து வருகிற, நான்கைந்து கடன்கள் மட்டுமே உள்ள ஒருவருக்கு இது ஏற்ற வழி என்று நான் கருதவில்லை. வங்கியோடு எழுத்துமூலமாகத் தவணையை மாற்றிக்கொள்வதோ ஒரே தொகையாகத் தீர்ப்பதோ அவருக்குக் குறைந்த சேதம் தரும். வசூல் முகவர்களின் தொல்லைதான் காரணமென்றால், காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அவர்கள் தொலைபேசியில் கூப்பிடக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதியைக் காட்டிப் புகார் செய்யலாம். தொழில் முழுவதும் மூழ்கி, பல பேருக்குப் பணம் தர வேண்டியிருந்து, மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவருக்கே ஐ.பி. பயன்படும்.

ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும் கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாத, சொந்த வீடில்லாத ஏழைகளைச் சுருக்கமான முறையில் விடுவிக்க 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வழி எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறைக்கு வராத பகுதியில் அது கிடப்பதால், அப்படிப்பட்டவர்களும் இப்போது சார்பு நீதிமன்றத்துக்கே போக வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்து இலவச வழக்கறிஞரைப் பெறலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லை.