விசிறி சுழல்கிறது, கார்டைக் காணவில்லை

புதிய கிராபிக்ஸ் கார்டைப் போட்டுக் கணினியை ஓன் செய்தால் திரை கறுப்பாகவே கிடக்கும். அல்லது விண்டோஸ் வரும், ஆனால் டிவைஸ் மனேஜரில் பழைய இன்டெல் கிராபிக்ஸ் மட்டுமே இருக்கும். உடனே எல்லோரும் டிரைவரைத் தேடி ஓடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பயோஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் மென்பொருள். பயோஸ் காணாத கார்டை எந்த டிரைவராலும் கொண்டுவர முடியாது.

பார்ப்பதற்கு, மொனிட்டர் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டி, டிலீட் அல்லது எஃப்2 விசையால் பயோஸுக்குள் போய், கார்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். கார்ட் செருகியிருக்கும்போதே மதர்போர்டில் படம் வருகிறதென்றால் அதுவும் ஒரு துப்புத்தான். பயோஸில் பிரைமரி டிஸ்ப்ளே 'ஓட்டோ'வில் இருந்தால், கார்டைக் கண்டவுடன் பல போர்டுகள் உள்கிராபிக்ஸை (புரொசெசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்) அணைத்துவிடும். அணைக்கவில்லை என்றால் பெரும்பாலும் கார்டைக் காணவில்லை. 12400எஃப் போல எஃப்பில் முடியும் இன்டெல் புரொசெசரில் உள்கிராபிக்ஸே இல்லை. அங்கே மதர்போர்டில் உள்ள விஜிஏ எச்சரிக்கை விளக்கைத்தான் பார்க்க வேண்டும்.

விசிறி சுழல்வதை யாரும் சாட்சியாக எடுக்க வேண்டாம். கார்ட் செருகும் ஸ்லொட்டை ஒரு வெட்டு இரண்டாகப் பிரிக்கிறது. அந்த வெட்டுக்கு முன்னால் உள்ள சிறிய பகுதி வழியாகவே 12 வோல்ட் போகிறது. தரவுப் பாதைகள் எல்லாம் வெட்டுக்குப் பின்னால் உள்ள நீண்ட பகுதியில். அந்தப் பக்கம் ஒரு மில்லிமீற்றர் எழும்பியிருந்தாலும் விசிறி சுழலும், கார்ட் வராது. மறுபுறம், சூடாகும் வரை விசிறியைச் சுற்றாத கார்டுகளும் உண்டு. அவை சும்மா நிற்பது பழுதல்ல.

ஆகவே பிளக்கைக் கழற்றிவிட்டு, கார்டை எடுத்து, மேலே உள்ள முதல் நீள ஸ்லொட்டில் திரும்பச் செருகுங்கள். கீழுள்ள ஸ்லொட்டுகள் பலவற்றில் நான்கு தரவுப் பாதைகளே இருக்கும். சில போர்டுகளில் எம்.2 டிரைவ் (மதர்போர்டிலேயே செருகும் எஸ்எஸ்டி) போட்டால் அவை செயலிழந்தும் போகும். கிளிப் 'டிக்' என்று பூட்ட வேண்டும். பிறகு ஸ்க்ரூவை இறுக்கும்போது கார்டின் மறுமுனையைப் பாருங்கள். கேஸ் தகடு வளைந்திருந்தால் அந்த முனை மெல்ல மேலே வரும்.

கொழும்பில் பூட்டி, திருகோணமலை வரை வாகனத்தில் வந்த கணினிகளில் இதுதான் முதல் சந்தேகம். பாரமான கார்ட் வழியெல்லாம் குலுங்கியே வருகிறது. கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாகக் கொண்டுவருவது நல்லது. ஏசி பஸ்ஸில் வந்திருந்தால் பெட்டியை உடனே திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த உலோகத்தில் நம் ஊர்க் காற்று நீராகப் படியும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோர வீடுகளில் பல வருடம் வெறுமனே கிடந்த ஸ்லொட்டின் தொடுமுனைகளில் உப்பீரம் படிந்திருக்கலாம். கார்டின் தங்கப் பற்களை ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட பஞ்சுதிராத துணியால் துடைத்து, கரண்ட் இல்லாத நிலையில் இரண்டு மூன்று தடவை செருகி எடுத்தாலே தொடுமுனைகள் உரசிச் சுத்தமாகும். அழிறப்பர் வேண்டாம், அதன் தூள் ஸ்லொட்டுக்குள் போய்விடும்.

அடுத்தது மின்சாரம். ஸ்லொட் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் இன்னொரு 75, 8 பின் 150. இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள். புரொசெசருக்கான 8 பின் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2. இரண்டிலும் மின்முனைகள் எதிரெதிர், பலவந்தமாக ஏற்றினால் கார்ட் எரியும். ஒரு பவர் சப்ளையின் கழற்றும் கேபிளை இன்னொன்றில் போடுவதும் அதே ஆபத்து.

இங்கே நிறைய ஓடுவது செக்கன்ட் ஹான்ட் அலுவலகக் கணினிகள். டெல்லின் சிறிய ஒப்டிபிளெக்ஸ் போன்றவற்றில் 240 வாட் அளவு பவர் சப்ளைதான், கார்டுக்கான வயரும் இராது. டிஸ்குக்கு மின்சாரம் தரும் சாட்டா வயரிலிருந்து 6 பின் எடுக்கும் அடப்டரைத் தயவுசெய்து வாங்காதீர்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், 6 பின் கேட்கக்கூடியது 75. உருகுவது அந்த முனைதான். இவற்றுக்கு 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 (70 வாட்) போல ஸ்லொட் மின்சாரத்திலேயே ஓடும் கார்ட் போதும். கேஸ் மெல்லியதென்றால் அரை உயரக் கார்ட் வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திரை கறுப்பென்றால் பயோஸைப் புதுப்பியுங்கள். யூஇஎஃப்ஐ (பயோஸின் புதிய வடிவம்) இல்லாத பழைய போர்டில் இன்றைய கார்ட் படமே காட்டாமல் போகலாம். பயோஸில் சிஎஸ்எம்மை (பழைய முறையில் கணினியை எழுப்பும் வசதி) அணைக்க நேர்ந்தால், முதலில் விண்டோஸ் டிஸ்க் பிரிக்கப்பட்டிருப்பது புதிய ஜிபிடி முறையிலா பழைய எம்பிஆர் முறையிலா என்று பாருங்கள். எம்பிஆர் என்றால் அணைத்தபின் விண்டோஸ் எழும்பாது. ரைசர் கேபிளில் (ஸ்லொட்டை நீட்டிக்கும் கேபிள்) கார்ட் நின்றால், பயோஸில் ஸ்லொட்டின் வேகத்தைப் பிசிஐஇ ஜென் 3க்கு இறக்கிப் பாருங்கள்.

பயோஸில் பெயர் வந்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. டிவைஸ் மனேஜரில் 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர்' என்று இருந்தால் கார்ட் கண்டுபிடிக்கப்பட்டிருக்கலாம், டிரைவர்தான் இல்லை. அங்கே அதன் ஹார்ட்வெயார் ஐடியில் தயாரிப்பாளர் எண் 10டிஈ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் அது இன்டெல். இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியூ என்ற டிரைவர் அகற்றும் மென்பொருளால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிய டிரைவரைப் போடுங்கள். டிவைஸ் மனேஜரில் கோட் 12 என்ற பிழை வந்தால் பயோஸில் 'அபவ் 4ஜி டீகோடிங்'கை இயக்குங்கள்.

கார்டைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பமுன் நண்பரின் கணினியில் அதைப் போட்டுப் பாருங்கள். அதே ஸ்லொட்டில் வேறொரு கார்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. பழுது மதர்போர்டில் என்றால், மாற்றிக் கொடுக்கும் கார்டும் அங்கே வேலை செய்யாது.