கிணற்றைவிட்டு விலகியது வேஸ்ட் லைன்

மண்டபம் ஊரிலுள்ள எங்கள் வீட்டில் மராமத்து வேலை நடக்கிறது. டைல்ஸ், பெயின்ட் எல்லாம் அப்புறம். இந்த வாரம் முழுக்க அடுப்படி வேஸ்ட் பைப்தான்.

பழைய லைன் கிணற்றிலிருந்து நாலடி தள்ளித்தான் போயிருக்கிறது. தோண்டினால் ஒரு ஜாயின்ட் விலகி, சுற்றியுள்ள மணல் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு நாறியது. அம்மா முகம் வாடிவிட்டது. எங்கள் கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. மேலே கசியும் அழுக்கு சீக்கிரமே அதில் இறங்கிவிடும்.

புது லைனை மேற்குச் சுவரோரமாகத் திருப்பி, உறிஞ்சுகுழியையும் கிணற்றைவிட்டு 50 அடிக்கு மேல் தள்ளிவிட்டோம். 40 அடி பைப்புக்கு, அடிக்குக் கால் அங்குலம் வீதம் 10 அங்குல வாட்டம் (சரிவு). மூலைக்கு ஒரே எல்போ (90 டிகிரி வளைவு) போதும் என்றார் பிளம்பர் அண்ணன்.

"வேண்டாம்ண்ணே, சோறும் எண்ணெயும் அங்கேதான் அடைக்கும். ரெண்டு 45 டிகிரி பெண்ட் போடுங்க, பக்கத்துல திறந்து அடைப்பெடுக்க ஒரு சேம்பரும் வைங்க."

கொஞ்சம் யோசித்தார். "சரி தம்பி" என்று அவரே தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்து மட்டம் குறித்தார். நல்ல வேலைக்காரர்.

காய்ந்த மணல் வெட்ட வெட்டச் சரிந்தது. பலகை கொடுத்த பிறகுதான் பள்ளம் நின்றது. மூடும் முன் ஒரு குடம் தண்ணீரில் மஞ்சள் கரைத்து ஊற்றினோம். சேம்பரில் தேங்காமல் மஞ்சளாக வந்தது. அம்மா ஒவ்வொரு ஜாயின்டுக்கும் அடியில் விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை.

நாளை கிணற்றை இறைத்துத் தூர் வாருகிறோம்.