இன்ஜின் ஸ்டாண்ட்: நாலு போல்ட், ஒரு மையம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டுக் கார் கொட்டகைகளில் அம்பாசடரும் பத்மினியும் இன்னும் உறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை எழுப்ப ஆசைப்படுகிறவர்கள் இன்ஜின் ஸ்டாண்ட் (கழற்றிய இன்ஜினைப் பிடித்து, சுழற்றி வேலை பார்க்க உதவும் தாங்கி) வாங்கப் போனதும் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை கிலோ தாங்கும்?" கேட்க வேண்டியதுதான். ஆனால் ஸ்டாண்டின் இரும்பு முறிந்து இன்ஜின் கீழே விழுவது அபூர்வம். மரை பிடுங்கிக்கொண்டு விழும். சுழலாமல் பூட்டும் முள்ளை உருவியதும் தலைகுப்புறச் சுழலும். உருட்டும்போது பக்கவாட்டில் சாயும். இந்த மூன்றுக்கும் கிலோக் கணக்கில் விடை கிடையாது.

ஸ்டாண்டைப் பற்றி இரண்டே வார்த்தை. மூன்று சக்கர ஸ்டாண்ட் மலிவு, ஆனால் முன்னால் ஒற்றைச் சக்கரம். மாருதி 800-இன் 796 சிசி மூன்று சிலிண்டருக்கு அது போதும். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள உடல்) ஹெட்டும் (அதன் மேல்பகுதி) இரண்டுமே வார்ப்பிரும்பு. அதற்கு அகலமான நாலு சக்கர ஸ்டாண்டுதான் சரி. உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்வதாக இருந்தால் நிமிர்ந்த தூணும் கீழ்க்கட்டையும் சேரும் மூலையில் இருபுறமும் முக்கோணத் தகடு வைக்கச் சொல்லுங்கள். மேல் குழாயைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். பாரம் ஏறியதும் அது மட்டத்துக்கு வந்துவிடும். நேராக வைத்தால் இன்ஜின் மூக்கு தொங்கும்.

தரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஸ்டாண்டை உருட்டவே கூடாது. சின்ன இரும்புச் சக்கரத்தின் அடியில் மொத்தப் பாரமும் ஒரு விரலகலத்தில் உட்காரும், கல் விரிந்துவிடும். செம்மண் முற்றத்தில் சக்கரம் புதையும். சிமென்ட் தரைதான் நல்லது. இன்னொன்று: "பர்மா தேக்கு உத்தரம் இருக்கே, அதிலேயே பாரம் தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டால் என்ன?" என்ற யோசனை யாருக்கும் வரும். வேண்டாம். அது கூரை ஓட்டையும் சட்டத்தையும் தாங்க வைத்தது. நடுவில் ஒரே புள்ளியில் ஊசலாடும் பாரத்துக்கு வைத்ததல்ல. உள்ளே கரையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்பதும் வெளியே தெரியாது. இரும்புக் குழாய் முக்காலியோ வாடகைக் கிரேனோ எடுங்கள். கிரேன் என்றால் கையை நீட்ட நீட்ட அதன் தாங்குதிறன் குறையும். 2 டன் என்று எழுதியிருக்கும் மடக்குக் கிரேன், கையை முழுக்க நீட்டினால் பொதுவாக அரை டன்தான் தாங்கும்.

தூக்குவதற்கு இன்ஜினிலேயே கொக்கி இருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லையென்றால் பிளாக்கிலோ ஹெட்டிலோ உள்ள கனமான மரைத் துளைகளில் மாட்டுங்கள். ராக்கர் மூடி, இன்டேக் மேனிஃபோல்ட், டைனமோ பிடி, இவை எதுவும் தூக்குவதற்கானவை அல்ல. இரண்டு சங்கிலிக்கும் இடையே உள்ள கோணம் 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம். 60-இல் ஒவ்வொரு சங்கிலியும் பாரத்தில் பத்தில் ஆறு பங்குக்கும் குறைவாகத்தான் சுமக்கும். 120 டிகிரிக்கு விரிந்துவிட்டால் ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் சுமக்கும். சங்கிலி குட்டையாக இருக்கிறதே என்று இழுத்து மாட்டுகிறவர்கள் செய்யும் தப்பு இதுதான்.

கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புல்லி போல்ட்டை இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு அதோடு மல்லுக்கட்டினால் இன்ஜினும் ஸ்டாண்டும் சேர்ந்து சுற்றும். ஆயிலையும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். ரேடியேட்டர் குழாயைக் கழற்றினாலும் பிளாக்கின் உள்ளே தண்ணீர் நிற்கும், பக்கவாட்டு வடிகுழாயைத் திறந்தால்தான் வரும். இன்ஜின் கிரேனில் தொங்கும்போதே கிளட்சையும் ஃபிளைவீலையும் கழற்றுங்கள். ஃபிளைவீல் கையில் வாங்கும்போது எதிர்பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது இன்னொருவர் அடியில் பிடித்துக்கொள்ளட்டும்.

இனி போல்ட். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

ஸ்டாண்டின் நாலு கைகளும் கியர்பாக்ஸ் மாட்டும் துளைகளில்தான் பிடிக்கும். கியர்பாக்ஸைப் பிடித்திருந்த பழைய போல்ட்டுகள் நீளம் பத்தாது, ஏனென்றால் இப்போது ஸ்டாண்டின் கைக்குழலையும் தாண்டிப் போக வேண்டும். அதனால் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கும் இடத்தில்தான் குழப்பம் வருகிறது. மாருதி வகையறா மெட்ரிக் மரை. அம்பாசடர் அங்குல மரை. மூன்றே எட்டு (3/8) அங்குல போல்ட்டின் விட்டம் 9.5 மி.மீ. அதை எம்10 (10 மி.மீ. மெட்ரிக்) துளையில் விட்டால் ஜோராக உள்ளே போகும், முறுக்கினால் பிடித்த மாதிரியும் இருக்கும். மரை நுனியை மட்டும்தான் கவ்வியிருக்கும். பாரம் ஏறியதும் உருவிக்கொண்டு வரும். அங்குலத்திலேயே யூஎன்சி, யூஎன்எஃப் என்று இரண்டு உண்டு. மூன்றே எட்டில் முன்னது அங்குலத்துக்கு 16 மரை, பின்னது 24. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கக் கையில் கிடைத்ததைப் போடாதீர்கள். மரை இடைவெளி பார்க்கும் பிட்ச் கேஜ் இல்லையென்றால் கழற்றிய பழைய போல்ட்டையே கடைக்குக் கொண்டுபோய், மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சரியான போல்ட், ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே கடைசிவரை இறங்கும், தளதளவென்று ஆடாது.

தலையில் 8.8 என்று அடித்திருக்க வேண்டும். அங்குல போல்ட்டில் மூன்று கோடு இருந்தால் அதற்கு நிகர். எதுவும் அடிக்காத போல்ட் கேட் கீலுக்கு ஆகும்.

நீளத்தை இப்படிக் கணக்குப் போடுங்கள். சைக்கிள் ஸ்போக்கைத் துளையில் விட்டு ஆழம் அளந்தால், உதாரணமாக 24 மி.மீ. வருகிறது. கைக்குழல் 55, வாஷர் 3. கடையில் 80 மி.மீ. போல்ட் கொடுப்பார்கள். 22 மி.மீ. உள்ளே போகும், இன்னும் 2 மிச்சம், சரிதானே என்று தோன்றும். சரியில்லை. துளை 24 என்றாலும் மரை அடிவரை வெட்டியிருக்காது. போல்ட் மரை முடியும் இடத்தில் முட்டி நிற்கும், கை இறுகாது, நீங்களோ இறுகிவிட்டது என்று நினைப்பீர்கள். இன்னும் முறுக்கினால் பிளாக்கில் கீறல் விழும். 75 வாங்குங்கள், 17 மி.மீ. உள்ளே போகும். வார்ப்பிரும்பில் எம்10-க்கு 10 மி.மீ. குறைந்தபட்சம். அலுமினிய பிளாக்கில் 15-இலிருந்து 20 வேண்டும், அதனால் 17 இரண்டுக்கும் பொருந்தும். இறுக்கம் வார்ப்பிரும்பில் 45 நியூட்டன் மீட்டர், அலுமினியத்தில் 35 போதும்.

சில வண்டிகளில் கியர்பாக்ஸ் போல்ட் ஒன்றிரண்டு இன்ஜின் பக்கத்திலிருந்து போகும். அந்தத் துளையில் மரையே இருக்காது. அங்கே நீள போல்ட்டும் பின்னால் வாஷரோடு நட்டும் போட வேண்டும். பழைய இன்ஜின்களில் பிளாக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே தகடு ஒன்று இருக்கும். பாரத்தை அந்தத் தகட்டில் தொங்கவிடாமல் பிளாக்கிலேயே பிடியுங்கள்.

மாட்டும் வரிசை: ஸ்டாண்டின் வட்டத் தகட்டைக் குழாயோடு உருவி எடுத்து, தொங்கும் இன்ஜினில் முதலில் அதை மாட்டுங்கள். நாலு போல்ட்டையும் விரலால் இறக்குங்கள். ஒன்றுக்கொன்று தள்ளியுள்ள நாலு துளைகளாகத் தேர்ந்தெடுங்கள். பின் கிராங்க் சீல் வட்டத்தின் குறுக்கே கை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சீல் மாற்ற எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். பிறகு பிளாக் பக்கத்து போல்ட்டுகளை இறுக்கி, கடைசியில்தான் கைகளைத் தகட்டோடு பிடிக்கும் நட்டுகளை இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கை கோணலாக இழுத்து, நாலில் இரண்டு போல்ட் மட்டுமே பாரம் சுமக்கும்.

மையம் எங்கே? நேராக நிற்கும் நாலு சிலிண்டர் இன்ஜினில், குறிப்பாக இரும்பு ஹெட் இருக்கும்போது, கனத்தின் மையம் கிராங்குக்கு மேலே இருக்கும். குழாயைக் கிராங்க் நேருக்கு வைத்தால் மேல்பாரம். முள்ளை உருவிய நொடியில் கைப்பிடி உங்கள் மணிக்கட்டை எடுத்துக்கொண்டு சுற்றும். அதனால் குழாயைக் கிராங்குக்குச் சற்று மேலே, சிலிண்டர் பக்கம் வையுங்கள். சோதிக்க: ஸ்டாண்டில் நுழைத்த பிறகு கிரேன் சங்கிலியைக் கழற்றாமல் கொஞ்சம் மட்டும் தளர்த்தி, முள்ளை உருவி, இரண்டு பக்கமும் பத்து டிகிரி அசைத்துப் பாருங்கள். இருபக்கமும் ஒரே பலம் கேட்டால் சரி. ஒரு பக்கம் தானாக ஓடினால் தகட்டை நகர்த்துங்கள். ஹெட்டைக் கழற்றியதும் மையம் கீழே இறங்கிவிடும். அதன் பிறகு முதன்முறை சுழற்றும்போது புது இன்ஜினைச் சுழற்றுவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள்.

கிரேனை மெல்ல மெல்ல இறக்கி, பாரம் முழுவதும் ஸ்டாண்டில் வந்ததும் ஐந்து நிமிடம் விட்டு, எட்டு இடத்தையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்று கால் சுற்று கொடுக்கும். அதன் பிறகு சங்கிலியைக் கழற்றலாம்.

பழைய இன்ஜினை சம்போடு (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கவிழ்க்காதீர்கள். அடியில் படிந்திருக்கும் கசடு அத்தனையும் கிராங்க் மேலும் பிஸ்டன் மேலும் கொட்டும். நிமிர்ந்த நிலையிலேயே சம்பைக் கழற்றுங்கள், கீழே தட்டு வைத்து உமி பரப்பிக்கொள்ளுங்கள். ஹெட் போல்ட்டை இறுக்கும் வேலை வந்தால் ஸ்டாண்டின் முள்ளை நம்பாதீர்கள். இன்ஜின் முன்பக்கத்தின் அடியில் மரக்கட்டை கொடுத்து, சக்கரத்துக்கும் ஆப்பு வைத்து, எதிர்ப்பக்கம் ஒருவர் அமுக்கிக்கொள்ளட்டும்.

இடம் மாற்றுவதாக இருந்தால் இழுங்கள், தள்ளாதீர்கள். தள்ளும்போது, தரையில் கிடந்து முன் சக்கரத்தில் மாட்டும் சின்ன நட்டு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நிலைப்படியை ஸ்டாண்டில் வைத்துத் தாண்டவே வேண்டாம். மறுபடி கிரேன்தான். லேத்துக்குப் போன ஹெட் ஐப்பசி மழைக்கு முன் திரும்பாது என்று தெரிந்தால் சிலிண்டர்களுக்குள் ஆயில் தடவி பிளாஸ்டிக் பையால் மூடி, இன்ஜினின் முன்பக்கத்தை அடியிலிருந்து கட்டையால் தாங்கிவிடுங்கள்.