இரண்டு பற்களும் ஒரு முத்துக்கட்டியும்

பல்வலி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இடக் கன்னத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு வெட்டு. சில நொடிகளில் போய்விடும். பல் துலக்கினால் வரும், மென்றால் வரும், மின்விசிறிக் காற்று பட்டாலும் வரும். பல் மருத்துவர் ஒருவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி போகாததால் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். இரண்டும் நல்ல பற்கள்.

எட்டு மாதம் கழித்துப் பார்த்த நரம்பியல் மருத்துவர் கேட்டவை இரண்டே கேள்விகள்: வலி எத்தனை நொடி நீடிக்கிறது, எதைத் தொட்டால் கிளம்புகிறது? கார்பமாஸெபின் என்ற நரம்புவலி மாத்திரையை எழுதிக் கொடுத்தார். வலி அடங்கியது, நடைதான் குடிகாரன் நடையாகிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்தால், மூளைத்தண்டும் சிறுமூளையும் சேரும் மூலையில் ஒரு கட்டி, முகத்தின் உணர்வைச் சுமக்கும் ஐந்தாம் நரம்பை அழுத்திக்கொண்டு. வழக்கமான படங்களில் நீர்க்கட்டிபோலவே இருந்தது. திசுக்களில் நீர் எப்படி நகர்கிறது என்று காட்டும் டிஃப்யூஷன் படத்தில் மட்டும் வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது. எபிடெர்மாய்டு என்றார்கள். மண்டைக்குள் வரும் கட்டிகளில் ஏறக்குறைய நூற்றில் ஒன்று. கரு உருவாகும் முதல் வாரங்களில், தோலாக வேண்டிய செல்கள் உள்ளே சிக்கிக்கொள்கின்றன. அவை ஆண்டுக்கணக்கில் செதில் செதிலாக உதிர்ந்து சேர்வதுதான் கட்டி. இதை அம்மாவிடம் சொன்னேன். "என் வயிற்றிலேயே வந்ததா?" என்று அழுதார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதலில் பார்த்த அறுவை மருத்துவர், "சுத்தமாக எடுத்துவிடலாம்" என்றார். அடுத்தவர், "கட்டியின் உறை மூளைத்தண்டில் ஒட்டியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவேன்" என்றார். வீட்டில் அத்தனை பேருக்கும் முதலாமவரைப் பிடித்தது. நான் இரண்டாமவரிடம் போனேன். இழுத்துப் பிரித்தால் முக நரம்புக்கும் செவி நரம்புக்கும் என்ன ஆகலாம் என்று காகிதத்தில் வரைந்து காட்டியவர் அவர்தான்.

காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எலும்பைத் திறந்தார்கள். எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாய் சாய்வாகவும் பார்க்கும் என்பதால், நரம்புகளுக்குப் பின்னே மறைந்த மூலைகளைப் பார்க்கச் சிறுமூளையை அதிகம் ஒதுக்க வேண்டியதில்லை. ஐந்து மணி நேரம். பிறகு வீடியோவைக் காட்டினார்; நரம்புகளின் இடுக்கில் முத்துபோல் மின்னியது. அத்தனை வலிக்கும் காரணம் இவ்வளவு அழகாக இருந்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது.

நான்காம் நாள் காய்ச்சல், கழுத்து விறைத்தது. முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள், கிருமி இல்லை. கட்டிக்குள் இருந்த பொருள் மூளை உறையில் பட்டதால் வந்த எரிச்சல் என்று ஸ்டீராய்டு கொடுத்தார்கள். செவிலியரோ, "குனிந்தால் மூக்கில் தண்ணீர் வருகிறதா?" என்று வேளைக்கொரு முறை கேட்டார். மூளை நீர் கசிகிறதா என்ற கவலை. கசியவில்லை.

நரம்புவலி மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து மூன்றாம் மாதம் நிறுத்தினேன். இடக் காதில் மெல்லிய இரைச்சல் தங்கிவிட்டது. கட்டி உறையின் துணுக்கு ஒன்று மூளைத்தண்டின் மேல் அப்படியே இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை ஸ்கேன். காற்றுக்கு முகத்தைக் காட்டி உட்காருகிறேன். முறுக்கை மட்டும் இன்னும் வலப்பக்கமே கடிக்கிறேன். இடப்பக்கம் பல் இல்லை.